ஐந்தாவது இன்னிங்ஸில் கட்டிப்பிடித்தார்கள்

1

இந்தக் கதை ஒரு பல்வலியிலிருந்து வந்தது. நாடீன் ஊரெல்லாம் சொல்லிவிடுவாள் என்பதால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாடீன் வோய்ச்சிக் நகராட்சித் தண்ணீர் வரி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். போர்ட் ஹாலன் பேஸ்பால் மைதானத்தில் பல வருடங்களாக எனக்குப் பக்கத்து இருக்கை. எங்கள் அணியின் பெயர் ஹெரன்ஸ், அதாவது நாரைகள். ஊரில் பிரியமாகப் 'பறவைகள்' என்பார்கள், எரிச்சல் வந்தால் 'கோழிகள்' என்பார்கள்.

போன ஜூலைக் கடைசியில் ஒரு நாள், ஆட்டத்தின் நடுவில் ஒரு மாற்று ஆட்டக்காரரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். டக்அவுட்டில், அதாவது ஆட்டக்காரர்கள் உட்காரும் பள்ளத்தில், ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஜூலைக் கடைசியில் அப்படிக் கட்டிப்பிடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளை வேறு ஊர் அணிக்கு டிரேட் செய்துவிட்டார்கள். மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. நாடீன் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

மறுநாள் செய்தி வந்தது. அந்த மனிதருக்குக் கடைவாய்ப்பல் ஈறு வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் போகப் பயந்தவரைக் கிண்டல் செய்யத்தான் எல்லோரும் கட்டிப்பிடித்து வழியனுப்பியிருக்கிறார்கள்.

"பல்லுவலிக்கா நான் அப்படி அழுதேன்?" என்று நாடீன் போனில் கேட்டாள். குரலில் அவமானம்.

இதை எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. பல்லை வைத்துக்கொண்டு ஒன்றும் எழுத முடியாது என்பதும் கூடவே தோன்றியது.

2

முதல் தொடக்கம்:

'அந்த வருடம் ஹெரன்ஸ் ஒரு ஆட்டத்தில் ஜெயித்தது, அடுத்ததில் தோற்றது, அதற்கடுத்ததில் ஜெயித்தது, பிறகு'

நிறுத்திவிட்டேன். இப்படியே சீசன் முடிகிற செப்டம்பர் கடைசி வரை எழுதலாம். எல்லாமே உண்மையாகவும் இருக்கும். ஆனால் ஒருவரும் படிக்கமாட்டார்கள்.

இரண்டாவது தொடக்கம்:

'மோசமான அணி ஒன்றின் மேல் ஆசை வைப்பது சுலபம், ஏனென்றால்'

[ஏனென்றால் என்ன? ஹெரன்ஸ் மோசமான அணியே இல்லையே. அதுதான் என் தலைவலி.]

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். சுமாரான அணி என்றால் நிம்மதியான அணி என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஜூன் மாதத்திலேயே முங்கிப்போன அணியின் ஆட்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள், நன்றாகத் தூங்குவார்கள். முதலிடத்தில் இருக்கும் அணிக்கும் தூக்கம் வரும். ஜெயித்ததும் தோற்றதும் சரிசமமாக நடுவில் தொங்குகிற அணிக்குத்தான் ஒவ்வொரு நாளும் தூக்கம் போகும். இன்றைக்கு ஜெயித்தால் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும் ஜெனரல் மேனேஜர், 'இந்த வருஷம் முயற்சி பண்ணிப் பார்ப்போம்' என்று ஆள் வாங்குவார். தோற்றால், 'சரி, கடையைக் காலி பண்ணு' என்று இருக்கிற நல்ல ஆட்களை விற்பார். ஜூலை கடைசி நாள் மாலை ஆறு மணி வரை அவருக்கு அவகாசம். அதுவரை யாருக்கு எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது.

என் சுபாவத்துக்குச் சரியான அணிதான். வீட்டைப் பூட்டிவிட்டு நான் திரும்ப வந்து பார்க்காத நாள் கிடையாது.

மூன்றாவது தொடக்கம்:

'யோர்வின் மூன்று நாட்களாகச் சரியாகத் தூங்கவில்லை.'

இது இருக்கட்டும்.

3

யோர்வின் சால்செதோ, ஹெரன்ஸின் கேட்சர். வெனிசுவேலாக்காரன். (கேட்சர் என்பவர் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி, ஆனால் பந்து போடும்போதெல்லாம் குந்தியே இருக்க வேண்டும். முப்பது வயதைத் தாண்டிய முட்டி என்ன பாடுபடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.) பந்தை அடிப்பதில் சுமார். ஆனால் பந்து வீசுகிற இளைஞர்கள் பதறும்போது எழுந்து போய் ஏதோ இரண்டு வார்த்தை சொல்வான், அவர்கள் அடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஆளைத்தான் பெரிய அணிகள் ஜூலையில் தேடும்.

பல்லுக்குப் பதிலாக இவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன். மரீட்ஸா. ஏழு மாதம். இரத்தப்போக்கு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பிள்ளை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, ஊர் மாற்றுவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்த ஊரில் அவளுக்கு யோர்வினைத் தவிர யாருமில்லை. பிரசவத்துக்கு அணிகள் சில நாட்கள் விடுப்பு தரும். அதற்குப் பிறகு புது ஊர் என்றால் புது ஊர்தான், அவன் அங்கே, அவள் இங்கே.

அவன் தினமும் காலையில் அரேப்பா என்கிற சோள ரொட்டி சுட்டு எடுத்துப்போவான். அவள் உள்ளே இருக்கும் சீஸை மட்டும் தின்றுவிட்டு ரொட்டியை அவனிடம் நீட்டுவாள்.

இதுவரை எழுதியதை நாடீனிடம் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏம்ப்பா, இவ்ளோ நல்லவனா ஒருத்தன் நம்ம டீம்ல என்னிக்கு இருந்தான்?"

அவள் சொன்னது சரி. யோர்வினை எனக்கே நம்ப முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் மைதானத்துக்கும் நடுவில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடக்கும் உத்தமன். இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

[எழுதி அடித்தது: அவன் குடிக்க ஆரம்பித்தான். எழுதி அடித்தது: அவனுக்கு வேறொரு]

கடைசியில் ஒரு பொய்யைக் கொடுத்தேன். மரீட்ஸா தினமும் ஒரே கேள்வியைக் கேட்டாள், உன்னை அனுப்பிவிடுவார்களா என்று. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு நாள் சொல்லிவிட்டான்.

"ஜெனரல் மேனேஜரே என்கிட்ட சொல்லிட்டார். எந்த ஊருக்கும் இல்ல. நீ நிம்மதியா இரு."

ஜெனரல் மேனேஜர் அப்படி எதுவும் சொல்லவில்லை. கார் நிறுத்துமிடத்தில் யோர்வின் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, இந்த வாரம் எப்படிப் போகிறதென்று பார்க்கலாம் என்று தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் மரீட்ஸா அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள். நர்ஸ்கூடச் சொன்னாள். அதற்கப்புறம் உண்மையைச் சொல்ல அவனுக்கு எப்படி வாய் வரும்?

இப்போது அவனை எனக்குப் பிடித்துவிட்டது. அதனால்தான் பயமாகவும் இருக்கிறது.

4

ஜூலை கடைசி நாள். பகல் ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாவது வரை இரண்டு பக்கமும் சமம். (வேறெப்படி இருக்கும்?)

கோச் லாயிட் கட்டிப்பிடிக்கிற ரகமில்லை. சொந்த மகள் கல்யாணத்திலேயே மாப்பிள்ளைக்குக் கை மட்டும் கொடுத்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அலுவலகத்திலிருந்து ஒருவர் பின்வழியாக டக்அவுட்டுக்கு இறங்கிவந்து அவர் காதில் ஏதோ சொன்னார். லாயிட் முகம் மாறியது. யோர்வினை ஓரமாக அழைத்துப்போனார்.

"ஆஸ்பத்திரிலேருந்து போன். இப்பவே ஆபரேஷன் பண்ணணுமாம். வண்டி நிக்குது, கிளம்பு."

சொல்லிவிட்டு, தனக்கே தெரியாமல், அவனை இழுத்து அணைத்துக்கொண்டார்.

பெஞ்சின் அந்தக் கோடியில் இருந்தவர்களுக்கு வார்த்தை கேட்கவில்லை. அணைத்தது மட்டும் தெரிந்தது. அது போதுமே. ஜூலை கடைசி நாள், ஆட்டத்தின் நடுவில், அதுவும் லாயிட். பந்து வீசுகிற பையன்தான் முதலில் வந்தான், கண் கலங்கியிருந்தது. பின்னாலேயே ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள். நல்லபடியா இரு என்றார்கள். உன்னை மறக்கமாட்டோம் என்றார்கள். ஆஸ்பத்திரி விஷயம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்று யோர்வின் நினைத்துக்கொண்டான். மறக்கமாட்டோம் என்று ஏன் சொல்கிறார்கள் என்று யோசிக்கும் நிலையில் அவன் இல்லை. எல்லோருக்கும் நன்றி சொன்னான்.

மைதானம் எழுந்து நின்றது. கைதட்டல் அடங்கவேயில்லை. படியேறும்போது அவன் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். இத்தனை பேரா என் மரீட்ஸாவுக்காக நிற்கிறார்கள் என்று நினைத்து, ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டினான். அதோடு சந்தேகம் இருந்தவர்களுக்கும் உறுதியாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் நாடீன் தொப்பியைக் கழற்றி

[நாடீன்: "நான் அழலைன்னு எழுது." எழுதிவிட்டேன். நாடீன் அழவில்லை.]

யோர்வின் உடைகூட மாற்றவில்லை. கால் கவசங்களோடு அப்படியே ஓடினான். போன், உடை மாற்றும் அறையில் லாக்கருக்குள் இருந்தது. வண்டியில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லவில்லை.

5

இங்கே ஒரு டிவி தேவைப்படுகிறது. வைக்க வேண்டாம் என்று இரண்டு நாள் என்னோடு நானே சண்டை போட்டேன். ஆனால் போர்ட் ஹாலனில் ஹெரன்ஸ் ஆட்டம் ஓடாத அறை கிடையாது. சலூனில் ஓடும், வங்கியில் ஓடும், சவ அடக்கம் செய்கிற நிறுவனத்தின் வரவேற்பறையில் சத்தமில்லாமல் ஓடும். ஆஸ்பத்திரியில் மட்டும் நிறுத்திவைத்தால் அது என் வசதிக்காகச் சொல்கிற பொய்.

எனவே டிவி ஓடுகிறது. மரீட்ஸாவின் கையில் ஊசி ஏற்றிக்கொண்டிருந்த நர்ஸ் பரம ரசிகை. திரையில் லாயிட் யோர்வினை அணைத்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. இவன் மனைவிதான் இந்தக் கட்டிலில் இருக்கிறாள் என்பதையே ஒரு நொடி மறந்து, ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள்.

"போயிட்டு வா யோர்வின்," என்றார் வர்ணனையாளர். "உன்னை வாங்கினவங்க குடுத்துவெச்சவங்க."

அவன் ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டியதை மரீட்ஸா பார்த்தாள். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டுக்கொடுத்தாள்.

6

முடிவுகளை நாடீனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

முதலாவதில் யோர்வின் போய்ச்சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருக்கும். நான் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

"அவளை மட்டும் கொன்னே, அடுத்த சீசன் உன் பக்கத்துல உக்கார மாட்டேன்," என்றாள். அவள் இதைச் சிரிக்காமல் சொன்னாள்.

இரண்டாவதில் குழந்தை அழும் சத்தமும் ஆறு மணியும் ஒன்றாக வரும். ஹெரன்ஸ் கடைசிப் பந்தில் ஜெயிக்கும். ஜெனரல் மேனேஜர் கண்ணாடி அறையில் யோசித்து யோசித்து யாரையும் விற்காமல் விட்டுவிடுவார். யோர்வின் இங்கேயே இருப்பான்.

"பறவைங்க என்னிக்குக் கேட்ட நேரத்துல ஜெயிச்சிருக்கு? உன்னை யார் நம்புவா?"

மூன்றாவது முடிவில் திரும்பவும் பல்வலிக்கே போய்விடலாம் என்றேன். எல்லாம் வெறும் கிண்டல், யாருக்கும் ஒன்றுமில்லை. நாடீன் கொறித்துக்கொண்டிருந்த வேர்க்கடலைத் தோலை என் மேல் ஊதினாள்.

அந்த வருடம் நிஜ ஹெரன்ஸ் என்ன ஆனது என்று கேட்பீர்கள். செப்டம்பர் முடிவில் சரிபாதி ஜெயித்து, சரிபாதி தோற்று, நடுவிலேயே நின்றது. யாரும் அழவில்லை, யாரும் பட்டாசு வெடிக்கவில்லை. அந்த வருடத்தை ஊரே மறந்துவிட்டது. ஆனால் அதன் ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. கணக்குப் பார்த்தால் சரிபாதி. வாழ்ந்தவனுக்கு அது அப்படியா இருந்திருக்கும்?

இந்தப் பத்தியை இங்கேயே விடுகிறேன். தத்துவம் பேசித் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று எனக்கே தெரிகிறது. அங்கே ஒருத்தி காத்திருக்கிறாள்.

7

ஆஸ்பத்திரி நடைபாதை. யோர்வின் ஓடிவருகிறான். கால் கவசங்கள் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடுகின்றன. முட்டியில் செம்மண். ஒதுங்கி நின்றவர்கள் அவனை அடையாளம் கண்டுகொண்டு, துக்க வீட்டில் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்கள். அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்கிறான்.

எதிரே கட்டிலைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். மரீட்ஸா கண் திறந்திருக்கிறாள். உயிரோடு இருக்கிறாள். அவன் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறான். வியர்வையும் மண்ணும் படிந்த அவன் கையின் மேல் அவள் தன் கையை வைக்கிறாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

"எந்த ஊரு?" என்று கேட்கிறாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொள்கிறாள். அப்புறம் ஒவ்வொன்றாகப் புரிகிறது. பந்து வீசுகிற பையனின் கண், மறக்கமாட்டோம் என்றவர்கள், எழுந்து நின்ற மைதானம், நடைபாதையில் பார்த்த முகங்கள். இவள் இத்தனை நேரமும் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் என்பதும் புரிகிறது.

"இல்ல மரீட்ஸா, அது வந்து," என்று ஆரம்பிக்கிறான். நின்றுவிடுகிறான்.

நான்தான் நிறுத்தினேன். எந்த ஊருக்கும் இல்லை என்று அவன் சொல்லலாம். அதை ஏற்கனவே ஒரு முறை சொல்லியிருக்கிறான், அது பொய் என்று அவள் சற்று முன்தான் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள், அல்லது பார்த்ததாக நினைக்கிறாள். தெரியாது என்று சொல்லலாம். அது உண்மை, ஏனென்றால் ஆறு மணி இன்னும் ஆகவில்லை, அவன் போன் யாருமில்லாத அறையில் லாக்கருக்குள் ஒருவேளை அடித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் மயக்க மருந்து கொடுக்கப்போகிற ஒருத்தியிடம், தெரியாது என்ற சொல்லைக் கொடுத்தா உள்ளே அனுப்புவது?

இந்த இடத்தில் பல நாட்களாக நிற்கிறேன். ஒரு முறை பொய்யை எழுதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு முறை உண்மையை எழுதிவிட்டுப் பார்த்தேன். இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்குத் தைரியம் போதவில்லை. இப்போது கம்பியைப் பிடித்திருப்பது உங்கள் கை. கட்டிலைத் தள்ளுகிறவர்கள் நிற்கமாட்டார்கள், அவர்களுக்கு அவசரம். அவள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதவைத் திறந்துவிட்டார்கள். ஏதாவது சொல்லுங்கள்.