எக்ஸ்க்ரூஷியேட்டிங் என்ற சொல்லை முன்வைத்து

1
இந்தக் கதை ஒரு காபியில் தொடங்கியது. செங்கம் சாலைக் கடையொன்றில் வெள்ளைக்காரர் ஒருவர், காபிக்குக் காத்திருப்பது 'எக்ஸ்க்ரூஷியேட்டிங்' என்று அலுத்துக்கொண்டார். அகராதியைப் பார்த்தேன்: உயிர் போகிற வலி. காபிக்கா உயிர் போகும்? எரிச்சலாக வந்தது. எரிச்சல் வந்தால்தான் எனக்கு எழுத்தும் வரும்.

2
ரமணாசிரமம் பக்கம் ஒரு விடுதி. வரவேற்பில் வினோதினி, கீழ்பென்னாத்தூர்ப் பெண். மலையைப் பார்த்தபடி அவள்... (வேண்டாம். மலை வந்தால் கதை சாமியாராகிவிடும்.)

மாடி அறையில் ஹெலன். அவளுக்கு வெயில் எக்ஸ்க்ரூஷியேட்டிங், ஒலிபெருக்கி எக்ஸ்க்ரூஷியேட்டிங். முதல்முறை கேட்டபோது வினோதினி அலறியடித்துக்கொண்டு ஆட்டோவையே கூட்டிவந்துவிட்டாள். பார்த்தால், புதுச் செருப்பு கடித்திருக்கிறது. முதலாளி ராமதாஸ் சிரித்தார்.

"வெள்ளக்காரங்க பேச்சே அப்டித்தாம்மா. எல்லாமே ஜாஸ்தி."

வினோதினிக்கு ரோஷம் வந்து, ஹெலனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். "எப்டி இருக்கீங்கன்னு கேட்டா, 'பரவால்லீங்க'னு சொல்லணும். அதான் மரியாதை."

(அடிக்குறிப்பு: நம் ஊரில் கால் ஒடிந்தவரும் இதையேதான் சொல்வார். கேட்டவர்தான் அவர் முகத்தைப் பார்த்து மீதியைத் தெரிந்துகொள்வார்.)

3
பௌர்ணமி. காலையிலிருந்து ஹெலன் கீழே வரவில்லை. வினோதினி போனில் விசாரித்தாள்.

"பரவால்லீங்க."

உச்சரிப்பு அவ்வளவு சுத்தம். பெருமை தாங்காமல் ராமதாஸிடம் சொல்லிக் காட்டினாள். மதியம் மறுபடி கேட்டாள்.

"பரவா... ல்லீங்க."

போனை வைத்ததும்தான் வினோதினிக்கு உறைத்தது. செருப்புக் கடிக்கே ஊரைக் கூட்டியவள் இப்போது ஏன் கத்தவில்லை? போனில் முகம் எங்கே தெரிகிறது?

"சார், மேல போய்ப் பாத்துட்டு வரேன்."

"அவங்களே பரவால்லன்னுட்டாங்க இல்ல? கிரிவலத்துக்கு வந்தவங்க ரூம் கேட்டு நிக்கறாங்க, அவங்கள கவனி."

4
முதல் முடிவு: வெறும் காய்ச்சல்தான், மாத்திரை போட்டதும்... (பொய். எனக்கே நம்பிக்கை இல்லை.)

இரண்டாம் முடிவு: கதவைத் திறந்தால், தரையில் ஹெலன்...

எழுத மாட்டேன். பயமாக இருக்கிறது. அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவள் வினோதினி. ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பெண் அதை எப்படித் தாங்குவாள்?

இதற்குள் அவள் ராமதாஸின் பேச்சை மீறி மாடியேறிவிட்டாள். கதவு சாத்தியிருக்கிறது. "எப்டி இருக்கீங்க?" என்று கேட்டால் உள்ளேயிருந்து என்ன பதில் வரும் என்று அவளுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அவள் வெளியே நிற்கிறாள், ஹெலன் உள்ளே கிடக்கிறாள். அதனால் நிறுத்திக்கொள்கிறேன். மாற்றுச் சாவி அவள் கையில்தான் இருக்கிறது. எதையும் கேட்காமல் திறக்கச் சொல்லுங்கள்.