நாலு விளக்கு லாரி

கோச்சடையைத் தாண்டி மேற்கே மேலக்கால் போகிற ரோடு, தொண்ணூற்றெட்டில், ஒரு வண்டி போகிற அகலத்துக்குத்தான் தார் கண்டிருந்தது. எதிரே இன்னொன்று வந்தால் இரண்டில் ஒன்று மண்ணில் இறங்கியாக வேண்டும். யார் இறங்குவது என்பதற்கு டிரைவர்மார் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். பொழுது சாய்ந்த பிறகு எவன் முதலில் லைட்டை டிம் பண்ணுகிறானோ அவன்தான் இறங்க வேண்டும். அதனால் எவனும் டிம் பண்ண மாட்டான். எதிரே வண்டி வந்தால் டிம் பண்ணத்தான் வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் வாங்குகிற அன்றைக்கு எல்லோரும் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவர்கள்தான். அன்றோடு சரி. மீசை வைத்த ஆம்பளைகள் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்து விளையாடுகிற விளையாட்டு, கண்ணுக்குப் பதில் லைட்டு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த விளையாட்டில் அழகுராஜாவைத் தோற்கடிக்க ஆளில்லை என்று மீனா பெருமைப்பட்டதுகூட உண்டு. அழகுராஜா அவளுடைய அத்தை மகன். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். தீபாவளி கழிந்ததும் நாள் குறிப்பது என்று இரண்டு வீட்டிலும் பேசி வைத்திருந்தார்கள். பொழுது இறங்குகிற நேரத்தில் பின்பக்கம் அம்மா பெயர் எழுதிய மேட்டடார் வேனில் தேங்காயும் வாழைத்தாரும் ஏற்றிக்கொண்டு மதுரைக்குக் கிளம்புவான். வண்டிக்கு ஒரு பாட்டு ஹாரன் வேறு. மீனா வீட்டு முக்கைக் கடக்கும்போது அதை இரண்டு தடவை அடிப்பான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வண்டியின் பம்பரில் கூடுதலாக இரண்டு பெரிய லைட்டுகளை மாட்டினான். அதற்குக் காரணமும் வைத்திருந்தான். அவன் அம்மா அன்னக்கொடி, பூஜையன்று ஹெட்லைட் இரண்டிலும் அடை தட்டுகிற மாதிரி சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்துவிட்டாள். சாமிக்கு வைத்ததைத் துடைக்கக் கூடாது, அது தானாக உதிரவேண்டும் என்பது அவள் கட்டளை. சந்தனத்துக்குள்ளிருந்து கசிகிற வெளிச்சத்தில் வண்டி ஓட்ட முடியுமா? அதனால் இன்னும் இரண்டு. எதிரே வருகிறவன் கண் கூசாமலிருக்க ஹெட்லைட்டில் கருப்புப் பொட்டு வைக்க வேண்டும் என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் சொல்வார்கள். அந்தப் பொட்டை எஃப்.சி. சோதனை முடிந்த மறுநாளே அவன் சுரண்டி எறிந்திருந்தான். சாமிப் பொட்டுக்குக் கிடைத்த மரியாதை சர்க்கார் பொட்டுக்குக் கிடைக்கவில்லை.

பூஜைக்கு மறுநாள் சாயந்திரம் மீனாவின் அப்பா பேயாண்டி வாய்க்காலில் விழுந்தார். கோச்சடை டீக்கடைகளுக்குப் பால் ஊற்றிவிட்டு டி.வி.எஸ். ஐம்பதில் காலிக் கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தார். எதிரே வந்த வெளிச்சத்தில் ரோடு எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. வந்தவன் நிற்கவும் இல்லை. நல்லவேளை, தண்ணீர் முழங்கால் அளவுதான் ஓடியது. இடது கை முறிந்ததோடு உயிர் தப்பியது.

"என்ன வண்டிப்பா?" என்று மீனா கேட்டாள்.

"லாரி. நாலு லைட்டு போட்ட லாரி" என்றார் பேயாண்டி. கேட்டவர்களிடமெல்லாம் அதையேதான் சொன்னார்.

அழகுராஜா ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஓடி வந்தான். மாவுக்கட்டைப் பார்த்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நான் ரோட்டுல ஓடுறவன் மாமா. அந்த லாரிக்காரன் எவன்னு கண்டுபிடிக்காம விடமாட்டேன்."

பேயாண்டி ஆப்பிளை வாங்கி ஓரமாக வைத்தார். "கண்டுபிடி மாப்ள. அவசரமில்ல, மெதுவாவே கண்டுபிடி" என்றார்.

சொன்னபடியே தேடினான். செங்கல் லாரி, மணல் லாரி ஒன்றையும் விடவில்லை. மேலக்கால் டீக்கடையில் ஒரு டிரைவரின் சட்டையைப் பிடிக்கிற வரைக்கும் போய்விட்டான். பேயாண்டியோ, நாள் குறிக்கிற பேச்சை எடுத்தாலே "கை கூடட்டும், பாப்போம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். தீபாவளி வந்து போனது. மீனாவின் அம்மா ஒச்சாயி கேட்டுப் பார்த்தாள். அன்னக்கொடி வந்து அழுதே பார்த்தாள். தங்கச்சி அழுதும் அண்ணன் அசையவில்லை. அப்பா எதையும் இப்படி இழுக்கிற ஆளில்லை. இந்தக் கல்யாணம் நடக்காமலே போய்விடுமோ என்ற பயத்தில் மீனாவுக்குச் சோறு இறங்கவில்லை.

பால் நின்றுவிடக் கூடாதென்று அவளே டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு கோச்சடைக்குப் போய்வந்தாள். கார்த்திகை பிறந்துவிட்டதால் இருட்டு சீக்கிரமே விழுந்தது. ஒரு சாயந்திரம் திரும்பி வருகையில், எதிரே நாலு விளக்கு வெளிச்சம் கிளம்பியது. லாரி, அப்பாவைத் தள்ளிய அதே லாரி என்றுதான் நினைத்தாள். கண்ணைத் திறந்தாலும் வெள்ளை, மூடினாலும் வெள்ளை. காலால் தடவித் தடவி வண்டியை மண்ணில் இறக்கி நிறுத்தினாள். வண்டி காற்றை அறைந்துகொண்டு கடந்தது. பார்வை திரும்பியதும், நம்பரைப் பார்த்துவிடலாம் என்று திரும்பினாள். பின்விளக்கின் வெளிச்சத்தில், பின்பக்கப் பலகையில் மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது தெரிந்தது: அன்னக்கொடி.

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. வாய்க்கால் கரையிலேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, அழகுராஜாவோடு வண்டியில் போகிற லோடுமேன் மருதுவின் வீட்டுக்குப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை லோடு இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் அழகுராஜாவை அதே வாய்க்கால் ரோட்டுக்கு வரச் சொன்னாள்.

"மச்சான், இந்த டி.வி.எஸ். பிரேக்கு சரியாப் பிடிக்க மாட்டேங்குது. அந்த மரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வா, பாப்போம்."

அவன் புளியமரம் வரை போய்த் திரும்பினான். பாதி வழியில் எதிரே நாலு விளக்கும் எரிந்தன. டி.வி.எஸ். இந்தப் பக்கம் ஆடியது, அந்தப் பக்கம் ஆடியது. பிரேக்கைப் பிடித்துக் காலை ஊன்றப் போனவன், கால் வைத்த இடம் கரைச் சேறாக இருக்கவே வண்டியோடு சாய்ந்தான்.

"டேய், எவன்டா அது. டிம் பண்ணித் தொலைடா" என்று கத்தினான்.

வெளிச்சம் அணைந்தது. கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. எதிரே நின்றது அவனுடைய வேன். ஸ்டியரிங்கில் மருது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எங்கப்பாவும் இங்கனதான், இதையேதான் கத்தியிருப்பாரு" என்றாள் மீனா.

அவனுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. "மாமா லாரின்னுல்ல சொன்னாரு" என்றான்.

"வெளிச்சத்துக்குப் பின்னால நிக்கிறது வேனா லாரியான்னு இப்ப ஒனக்குத் தெரிஞ்சுதா?"

அழகுராஜா சேறு பூசிய காலோடு வேனுக்குப் போய் ஸ்பேனரை எடுத்தான். கூடுதல் லைட் இரண்டையும் அங்கேயே கழற்றினான். வீட்டுக்குப் போய் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தான். சாமி குத்தம் என்று அன்னக்கொடி தெருவே கேட்கக் கத்தினாள். "சாமிக்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கருப்புப் பெயிண்டில் பொட்டு வைத்தான். ஆனால் மாமாவிடம் போய்ச் சொல்வதற்கு மட்டும் தைரியம் வரவில்லை. வருவான், காபியைக் குடிப்பான், மழை பெய்யுமா என்று கேட்டுவிட்டுப் போய்விடுவான்.

"சொன்னா ஒன்னையத் தர மாட்டாரு" என்றான் மீனாவிடம்.

"சொல்லாமக் கட்டிக்கிறதா இருந்தா நான் வரல" என்றாள் அவள். சொல்லிவிட்டாளே தவிர, இரவெல்லாம் தூக்கமில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த பிறகு ஒருநாள், தானும் கோச்சடைக்கு வருவேன் என்று பேயாண்டி பிடிவாதம் பிடித்தார். மீனா ஓட்ட, பின்னால் உட்கார்ந்துகொண்டார். திரும்புகையில் இருட்டிவிட்டது. அவர் விழுந்த இடம் நெருங்க, எதிரே வெளிச்சம் தெரிந்தது. அப்பாவின் கை அவள் தோளை இறுகப் பிடித்தது. எதற்கும் பயப்படாத மனுஷர்.

தூரத்திலேயே வெளிச்சம் தாழ்ந்தது. வண்டி இடது பக்கம் மண்ணில் இறங்கி, வாழைத்தார்ச் சுமையோடு ஒருக்களித்து நின்றது. ரோட்டில் கிடந்த சாணி, கல், வாய்க்கால் விளிம்புப் புல் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

"ரோடு தெரியுது" என்றார் பேயாண்டி. பிறகு, "நிறுத்து தாயி" என்றார்.

அழகுராஜா இறங்கி வந்தான். இனித் தப்பிக்க இடமில்லை என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"மாமா, அன்னைக்கு வந்தது லாரி இல்ல. நான்தான்."



"தெரியும்டா" என்றார் பேயாண்டி. "பாட்டு ஹாரனை அடிச்சுக்கிட்டேல்ல போன. வாய்க்காலுக்குள்ள கெடந்துக்கிட்டு முழுப் பாட்டையும் கேட்டேன்."

"அப்பறம் எதுக்கு மாமா லாரின்னு சொன்னீங்க?"

"வேனுன்னு சொல்லியிருந்தா அன்னைக்கே ஊரு ஒன் வாசல்ல வந்து நின்னிருக்கும். எந்தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது? அதான் லாரியாக்கிட்டேன். அதுக்காக, எதுக்க வாரவனக் குருடாக்கிட்டுப் போறவனுக்கு எம்புள்ளயத் தூக்கிக் குடுக்கவும் மனசு வரல. நீயா ரோட்ட விட்டு எறங்குற நாள் வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அழகுராஜா குனிந்து அவர் காலைத் தொடப் போனான். அவர் தடுத்து, ஹெட்லைட்டின் பக்கம் போய்ப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"சந்தனத்தத் தொடைக்க ஒங்கம்மா விட்டாளா?"

"இன்னமும் திட்டிக்கிட்டுத்தான் இருக்கு மாமா."

பேயாண்டி சிரித்தார். விழுந்ததற்குப் பிறகு அவர் சிரித்து மீனா பார்க்கவே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.

"தையில நாள் பாக்கச் சொல்லு ஒங்கம்மாவ. கல்யாணத்தன்னைக்கு அந்த ஹாரனை மட்டும் அடிச்சிராத."

மீனா வண்டியைக் கிளப்பினாள். அப்பாவின் கை இப்போது தோளில் இல்லை; மடியிலிருந்த கேனைத் தட்டித் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேன் மண்ணிலேயே நின்றது. அவர்கள் கடந்து வெகுதூரம் போன பிறகுதான் அதன் லைட்டு மேலே ஏறியது.