வெளுத்துப்போன அப்பா

தையல்காரி கத்தரிக்கோலை மேசைமேல் வைத்த சத்தத்திலேயே மாடிவீட்டு ஜன்னல் திறந்துகொண்டது. அவள் கோபத்துக்கு ஊசியோ நூலோ காரணமில்லை. கூடப் பிறந்த அண்ணன்தான். பதிவுத் திருமண அலுவலக வாசலில் அவன் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாவற்றிலும் கறுப்புச் சட்டை மாப்பிள்ளை மெக்கானிக் முழுசாக இருந்தான். அவள் பாதி இருந்தாள். வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் வெயில் செருப்புப் போட்டுக்கொண்டு நின்றது.

அப்பா வந்ததே பெரிய விஷயம். காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மெக்கானிக் முதன்முதலாக வீட்டுக்கு வந்தபோது, கிளட்ச் தேயும்படி அதன்மேலேயே கால் வைத்து ஓட்டுகிறீர்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டான். பொய்யாக இருந்திருந்தால் மறந்திருப்பார். அவனைக் கட்டிக்கொண்டால் உன் வாசல்படி மிதிக்கமாட்டேன் என்றார் மகளிடம். பதிவு அலுவலகம் அவள் வாசல் இல்லையே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டு அங்கே மட்டும் வந்தார். கையெழுத்து முடிந்து, வாசலில் படத்துக்கு நின்றதும் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு போன்கூட இல்லை. ஆக, அப்பாவும் மகளும் சேர்ந்து நின்ற படங்கள் என்றால் இவைதான்.

அண்ணனுக்குத் தெருவில் ‘லென்ஸ்’ என்றே பெயர். கேமரா புத்தம்புதுசு, அதில் மாட்டியிருப்பதோ கையால் திருகுகிற பழைய லென்ஸ். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. லென்ஸ் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது கேமராவுக்குத் தெரியாது. வெளிச்சத்தை நிதானித்து வளையத்தைத் திருக வேண்டியவன் எடுக்கிறவன்தான். இதைப் பெருமையாகச் சொல்லியே பால் வாங்கப் போகிறவர்களையும் நிறுத்திவைக்கிற ஆள் அவன்.

“ஸ்கிரீன்ல பாத்துத்தாம்மா எடுத்தேன். இருட்டா இருந்துச்சு, வளையத்தைக் கொஞ்சம் தெறந்தேன். அப்பவும் இருட்டா இருந்துச்சு...”

“உச்சி வெயில்ல போனப் பாத்தாலே கறுப்பாத்தான் தெரியும். அது உனக்குத் தெரியாதா?”

தெரியும். அதற்குத்தான் கேமராவுக்குள் மலை மாதிரி ஒரு கிராஃப் இருக்கிறது, ஸ்கிரீன் ஏமாற்றினாலும் அது ஏமாற்றாது, மலை வலது ஓரத்தில் போய் முட்டினால் வெள்ளை இடம் வெளுத்து அழிந்தே போய்விட்டது என்று அர்த்தம் என்றெல்லாம் அவனே இதே வாயால் இதே வீட்டில் பாடம் நடத்தியிருக்கிறான். அன்றைக்குப் பார்க்கவில்லை. அப்படி வெளுக்கும் இடங்கள் ஸ்கிரீனில் மினுக் மினுக்கென்று சிமிட்டிக் காட்டுமாமே, அது என்ன ஆயிற்று என்று அவள் விடாமல் குடைந்தாள். கண்ணை உறுத்துகிறது என்று அதை எப்போதோ நிறுத்திவிட்டானாம்.

“சொல்ற மெஷின் வாய அடைச்சிட்டு, அது சொல்லலங்கிறியா?”

பிராயச்சித்தம்போல அவன் படத்தைக் கறுப்பாக்கிப் பார்த்தான். வெள்ளை அப்பா சாம்பல் அப்பா ஆனார், அவ்வளவுதான். மூக்கு வரவில்லை. அவள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தன் ரவிக்கையின் கழுத்துப் பட்டையில் வெள்ளை நூலால் போட்ட பூ ஒன்றும் வரவில்லை. இருட்டுக்குள் எதுவாவது ஒளிந்திருக்கும், இழுத்தால் வரும், வெளுத்த இடத்தில் இழுக்க ஒன்றும் இல்லை என்று முனகினான்.

“அப்ப இருட்டா எடுத்தது எங்கே?”

அது சும்மா சோதனைக்கு எடுத்தது, வளையத்தைத் திறப்பதற்கு முன்னால், ஒன்றும் தெரியாது என்று அவன் மழுப்பினான். அவள் நகரவில்லை. மேலே தள்ளிக்கொண்டே போனபோது, கரிச்சட்டி மாதிரி ஒரு படம் வந்தது. அவன் வெளிச்சத்தை ஏற்ற ஏற்ற, மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக முதலில் பட்டைப் பூக்கள் வந்தன, பிறகு அப்பா.

விரலை நீட்டி, வாயைத் திறந்து, மகளைத் திட்டிக்கொண்டிருந்தார். எதிரே அவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். உன் ஆளு இன்னிக்காவது கையைக் கழுவிக்கிட்டு வந்தானா என்று அவர் கேட்டதும், நீங்க கிளட்ச்சுல கால் வைக்காம வந்தீங்களா என்று இவள் திருப்பிக் கேட்டதும் அப்போதுதான். இரண்டு பேருக்கும் மூக்கு ஒரே மாதிரி விடைத்திருந்தது.

தையல்காரி வெகுநேரம் பார்த்தாள். கோபம் இறங்கின மாதிரி தெரியவில்லை.

“இதப் பெருசா போட்டுக் குடு.”

“சண்டை போடறதயா?”

“வேற அப்பா வச்சிருக்கியா நீ?”

படம் வாசலுக்கு நேர் எதிரே சுவரில் ஏறியது. தெரு சும்மா இருக்குமா? துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள், கொடுக்காமலே வந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். பெரியவரைப் பேய் மாதிரி மாட்டி வைத்திருக்கிறாள் என்ற சேதி, கையும் காலும் முளைத்து அவர் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது.

மறுநாளே வந்துவிட்டார். வந்த வேகத்தில் வாசல்படியை மிதித்ததே அவருக்குத் தெரியாது. நடு ஹாலில் நின்று சுவரைப் பார்த்து விரலை நீட்டினார்.

“கழட்டு அத. ஊரெல்லாம் சிரிக்குது.”

“நீங்கதானே அது? நான் வரைஞ்சேனா?”

மெக்கானிக் நாற்காலியைக் கொண்டுவந்து பின்னால் போட்டான். நின்றுகொண்டு திட்டக் கால் வலித்ததோ என்னவோ, அப்பா அதில் உட்கார்ந்து திட்டினார். மூலையில் நின்ற லென்ஸ் மெதுவாகக் கேமராவை எடுத்தான். வளையம் திரும்புகிற சத்தம் கேட்டது.

தையல்காரி இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. அப்பாவை முறைத்த கண்ணையும் எடுக்கவில்லை.

“கிராஃப மட்டும் பாக்காம எடுத்துப் பாரு,” என்றாள் அண்ணனிடம், “இருக்கு உனக்கு.”