மனுவின் முதல் கையெழுத்து

சமத்துவத்துக்காகப் பாடுபட்டவர் என்று விருது தரப்போவதாகக் கடிதம் வந்த நாளிலிருந்து அவளுக்குத் தன்னடக்கம் தாங்கமுடியாமல் பெருகிவிட்டது. ‘நான் என்ன பெரிசா செஞ்சுட்டேன்’ என்பதைக் குளியலறைக் கண்ணாடி முன் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். தலையை லேசாகச் சாய்த்துச் சொன்னதுதான் எடுப்பாக இருந்தது. வெளியே பல் தேய்க்கக் காத்திருந்த கணவர், ஒன்றும் செய்யவில்லை என்றால் விருது வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் வெளியே வா என்றார்.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அவள் வேலை பார்க்கும் நாலு மாடித் துணிக்கடையில் முன்பெல்லாம் விற்பனைப் பெண்கள் நாள் முழுக்க நிற்க வேண்டும். கடையில் ஈ காக்கை இல்லாவிட்டாலும் உட்காரக் கூடாது. அதை மாற்றியது அவள் எழுதிய மனு. இப்போது ஒவ்வொரு பிரிவிலும் நாற்காலி இருக்கிறது. கடைத்தெருவில் மற்ற கடைகளும் போட்டுவிட்டன. விருது தரும் மக்கள் மன்றத்துக்காரர்கள் அதைத்தான் பாராட்டப் போகிறார்கள்.

ஆனால் முதலில் உட்கார்ந்தவள் வேறு ஒருத்தி. பொத்தான் பிரிவில் இருந்ததால் எல்லாருக்கும் அவள் பொத்தானக்கா. ஒரு மத்தியானம் கால் வீக்கம் பொறுக்காமல் காலிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேலாளர் எழுந்திருக்கச் சொன்னார். வீக்கம் வடிந்ததும் எழுந்திருக்கிறேன் என்றாள். அன்றைக்கே வேலை போயிற்று. அந்தக் கொதிப்பில்தான் பதினேழு பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். முதல் கையெழுத்து பொத்தானக்காவுடையது. முதல் கோரிக்கை அவளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது.

மேலாளர் படித்துப் பார்த்துவிட்டு, அந்த ஒரு பெயரையும் அந்த ஒரு வரியையும் எடுத்துவிட்டால் மற்றதற்கு முதலாளியிடம் தானே பேசுவதாகச் சொன்னார். மனு எழுதியவள் தன் வீட்டுக்குப் போய்ப் புதுத் தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்து முத்தாக எழுதினாள். முதலில் நாற்காலி வரட்டும், அக்காவை அப்புறம் பார்க்கலாம் என்று மற்றவர்களையும் தேற்றினாள். அந்த அப்புறத்துக்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் அக்காவை அழைக்கப் போனாள். மனசாட்சி உறுத்தியதால் போவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையில், உனக்குத்தான் தகும் என்று அந்த வாயால் ஒரு வார்த்தை கேட்க ஆசை.

அக்கா ஒரு தையல்காரருக்காகச் சட்டைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அழைப்பிதழை நிதானமாகப் படித்தாள்.

“அந்தத் தாளை நீதானே திருப்பி எழுதுன?”

“ஆமாக்கா. அன்னிலேருந்து எனக்கு மனசே சரியில்ல. என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

“மன்னிப்பை வச்சு நான் என்னடி பண்றது? அடுப்புல ஏத்த முடியுமா?” அக்கா பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். “உங்க முதலாளிதான் கையால குடுக்கறாராமே. நாலு பேர் முன்னாடி என்னைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேளு. தனியா கேட்டா அவருக்குக் காது கேக்காது.”

தன் வேலையும் போய்விட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே அக்காவுக்குப் புரிந்தது.

“பயந்தா வேணாம். ஆனா பயந்துட்டு வந்து இங்க அழாதே.”

மறுநாள் மாலை மன்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. முதலாளி கேடயத்தைக் கொடுத்து, எங்கள் நிறுவனம் எப்போதும் பெண்களின் பக்கம் என்றார். அவள் ஒலிபெருக்கி முன் நின்றாள். தலை தானாகச் சாய்ந்தது. ‘நான் என்ன பெரிசா செஞ்சுட்டேன்’ என்று வாய் மனப்பாடத்தை ஒப்பித்தது. அந்த நேரம் பார்த்து மூன்றாவது வரிசையில் பொத்தானக்கா கண்ணில் பட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு, பேருந்துக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

சொல்லிவிட்டாள். வீராங்கனை மாதிரியெல்லாம் இல்லை. குரல் கீச்சென்று போயிற்று, நடுவில் ஒருமுறை இருமல் வந்தது. பெட்டியில் உட்கார்ந்தது யார், வேலை போனது யாருக்கு, அந்தப் பெயரை விட்டுவிட்டு எழுதியது யார் என்பதையெல்லாம் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். முதலாளி அக்காவைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று முடித்தாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. என்ன பணிவு, என்ன பெருந்தன்மை என்று முன்வரிசை உருகியது. முதலாளியும் சிரித்தபடி தட்டினார், பிறகு அடுத்த நிகழ்ச்சிக்குத் தலையசைத்தார். அவளும் அப்பாடா என்று மேடையிலிருந்து இறங்கப் பார்த்தாள். கேட்டாயிற்று, பாராட்டும் கிடைத்தாயிற்று. மனசு அவ்வளவு சீக்கிரம் நிறைந்துவிட்டதை நினைத்தால் அவளுக்கே பின்னால் கூசும்.

அக்கா எழுந்து நின்றாள்.

“அப்ப நான் நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும், முதலாளி?”

கூட்டம் அடங்கியது. முதலாளி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

“ஒன்பதரைக்கு” என்றார் முதலாளி.

“பழைய பிரிவுதானே?”

“பழைய பிரிவுதாம்மா.”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல” என்று சுற்றிலும் பார்த்துவிட்டு அக்கா உட்கார்ந்தாள்.

மறுபடி எழுந்த இந்தக் கைதட்டல் தனக்குக் கிடைத்ததைவிடப் பெரியது என்பதை அவள் காது உடனே கணக்கெடுத்துவிட்டது. சீ, என்ன பிறவி இது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிறகு கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் தட்டினாள்.