எட்டு மணி அலாரம்

"கல்லீரல்ல கொழுப்பு நல்லாவே குறைஞ்சிருக்கு. அதுக்காக இப்படித் துரும்பா இளைக்கக் கூடாது. விரதத்தை நிறுத்திட்டு மூணு வேளையும் சாப்பிடுங்க," என்றார் டாக்டர்.

அவன் தலையாட்டினான்.

பதினாறு மணி நேர விரதத்தைத் தொடங்கி வைத்தவள் அவன் மனைவி. இரவு எட்டுக்குள் சாப்பாட்டை முடிக்கச் சொல்லி, தன் குரலையே அவன் போனில் அலாரமாகப் பதிந்து வைத்திருந்தாள். அவள் இறந்து ஐந்து மாதமாகிறது. பகலில் அவனுக்கு எதுவும் தொண்டைக்குள் இறங்குவதில்லை. எட்டு அடிக்கச் சற்று முன்புதான் தட்டோடு உட்காருவான்.

அன்று டாக்டர் சொன்னதை நினைத்து இரண்டாம் தடவையும் சோறு போட்டுக்கொண்டான். ஒரு கவளம் எடுப்பதற்குள் போன் பேசியது.

"போதும்டா குண்டா, வாயை மூடு."

"சரிடி," என்றபடி அவன் கை கழுவ எழுந்தான்.