மேடத்துக்கும் ஒரு அம்புக்குறி

கல்லூரிக் கான்டீனில் ஒன்றேகால் மணிக்கே சாப்பாடு தீர்ந்துவிடும். பின்பக்கத் தொட்டியிலோ தின்னாமல் கொட்டிய சாப்பாடு வழியும். பற்றாக்குறையும் வீணும் ஒரே இடத்தில் எப்படி இருக்க முடியும் என்று யாரும் கேட்கவில்லை. சமையல்காரரை மாற்றினால் சரியாகிவிடும் என்று கல்லூரி முதல்வர் முடிவுகட்டியிருந்தார்.

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அமைப்புச் சிந்தனை நடத்திய பேராசிரியை, இதையே பயிற்சியாகக் கொடுத்தார். ஒரு சிக்கலில் எது எதை இழுக்கிறது, இழுத்தது சுற்றிவந்து எங்கே முட்டுகிறது என்று பார்ப்பதுதான் அந்தப் பாடம். சக ஆசிரியர்கள் அதற்கு 'வட்டம் போடுற வகுப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மூன்று வருடக் கேலியில் அவருக்குக் காது மரத்துப்போயிருந்தது.

"இதுல ஆராய என்ன மேடம் இருக்கு? சமையல்கார அண்ணனுக்கு அளவு தெரியல," என்றான் முந்திரிக்கொட்டை. கேள்வி முடியுமுன்பே பதில் சொல்பவனுக்கு வகுப்பு வைத்த பெயர் அது.

"யார் மேல தப்புன்னு எழுதினா பூஜ்யம்தான். ரெண்டு வாரம் அங்கயே போய் நின்னு பாருங்க."

தராசும் நோட்டுமாக வந்து நின்றவர்களைக் கண்டு சமையல்காரர் கரண்டியை வீசாத குறை. "திட்டினது போதாதுன்னு எடை போடவும் வந்துட்டீங்களா?"

மூன்றாம் நாள், பாத்திரம் கழுவக் கை கொடுத்த பின்வரிசைப் பெண்ணிடம்தான் மனம்விட்டுப் பேசினார். "வீணாகுதுன்னு ஆபீஸ்ல திட்டு. குறைச்சு சமைச்சா, பத்தலைன்னு நீங்க திட்டறீங்க. நான் என்னதாம்மா செய்யட்டும்?"

அந்த வருடம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காதவள் அவள். இரண்டு வாரம் முடிந்ததும் அவளே எழுந்து கரும்பலகைக்கு வந்தாள்.

"தீர்ந்துடும்னு எல்லாருக்கும் பயம். அதனால ஆளுக்கு ரெண்டு பங்கு வாங்கிக்கறோம். பாதி தொட்டிக்குப் போகுது. அதைப் பார்த்து அண்ணன் குறைச்சு சமைக்கிறார். இன்னும் சீக்கிரமா தீருது. பயம் இன்னும் கூடுது."

வட்டம் முடிந்தது. ஆனால் அவள் போகாமல் சாக்பீஸை உருட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னும் ஒரு அம்புக்குறி இருக்கு மேடம். போடலாமா?"

"போடும்மா."

'மேடம் வகுப்பு' என்று எழுதி, அங்கிருந்து பயத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

"தினம் சாப்பாட்டு மணி அடிச்சப்புறமும் நீங்க கால் மணி நேரம் நடத்தறீங்க. நாங்க போறதுக்குள்ள காலியாயிடும்னு, மத்த வகுப்பு ஃப்ரெண்ட்ஸ் எங்களுக்கும் தட்டு எடுத்து வைக்கறாங்க. அது ஆறிப்போயிருக்கும்னு பாதிப் பேர் வெளிய சாப்பிடப் போயிடறோம். பத்து நாள்ல இருநூத்திப் பன்னண்டு தட்டு அப்படியே தொட்டிக்குப் போயிருக்கு."

 

பேராசிரியைக்கு முகம் சூடேறியது. கூடுதலாக நடத்துவதைத் தன் அக்கறை என்றல்லவா நினைத்திருந்தார்! ஆனால் அந்தக் கோட்டைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு நிமிர்ந்தது. மூன்று வருடத்தில் யாரும் அவரை அந்த வட்டத்துக்குள் இழுத்துப் போட்டதில்லை. இவள் போட்டுவிட்டாள், அதுவும் எண்ணிப் பார்த்து.

"வா, பிரின்சிபால்கிட்ட போலாம். ஒரு அம்புக்குறிகூட விடாம இப்படியே சொல்லு."

முதல்வர் ஒரு மாதம் கெடு கொடுத்தார். சமையல்காரர் இரண்டு தடவையாகச் சமைத்தார். இரண்டாவது பாத்திரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தார். வேண்டியவர்கள் மறுபடி வந்து வாங்கலாம். பேராசிரியை மணி அடித்ததும் பாதி வாக்கியத்தில்கூட நிறுத்தினார்.

முதல் வாரம் தொட்டி இம்மியும் குறையவில்லை. முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பேராசிரியை பேச வாயெடுக்குமுன் அந்தப் பெண் சொன்னாள்: "பயம் ஒரே நாள்ல போகாது சார். பாத்திரம் காலியாகலைன்னு தினம் பார்த்துப் பழகணும். கெடு முடியற வரைக்கும் பொறுங்க."

நான்காம் வாரம், தினமும் நாற்பது கிலோ கொட்டிய தொட்டியில் ஒன்பது கிலோதான் விழுந்தது. சமையல்காரரை மாற்றும் பேச்சே பிறகு எழவில்லை.

ஆசிரியர் அறையில் ஒருவர் குறும்பாகக் கேட்டார்: "உங்க ஸ்டூடண்ட் உங்க மேலயே குத்தம் கண்டுபிடிச்சாளாமே?"

"ஆமா. எவ்வளவு அழகா கண்டுபிடிச்சா தெரியுமா!" என்ற பேராசிரியை, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.