மரகதம் முடிக்காத பேச்சு

மரகதத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிட்டு நிமிர்ந்த பக்கத்து வீட்டுச் சந்திரம்மா, இறந்தவளின் மகள் தாரணியைக் கட்டிக்கொண்டாள்.

"எந்த மக இப்படிப் பார்ப்பா? நாலு மாசமா தாங்கு தாங்குன்னு தாங்கினியே கண்ணு!"

உடலைக் கொண்டுவந்ததிலிருந்து அந்தப் பொம்மனஹள்ளிச் சந்து முழுக்க இதே பேச்சுதான். தாரணிக்கு எங்கேயாவது ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அத்தனை வெட்கம்.

அவள் பார்க்கிற வேலை அப்படி. ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவில், டாக்டரும் நோயாளியும் பேசுகிற ஒலிப்பதிவைக் கேட்டு மார்க் போடுவாள். இருக்கிற வழிகளையெல்லாம் டாக்டர் எடுத்துச் சொன்னாரா? எது வேண்டும் என்று நோயாளியைக் கேட்டாரா? வாய் திறக்க விட்டாரா? எப்பேர்ப்பட்ட டாக்டரானாலும் அவளிடம் தயவு தாட்சண்யம் கிடையாது. பூஜ்யம் என்றால் பூஜ்யம்தான்.

இந்த மகராசிதான் அம்மாவுக்குக் கிட்னி பழுதானபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார். வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்யலாம். வேண்டாமென்றால் மருந்தோடு வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் நாள் குறையும். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

"டயாலிசிஸ்தான் டாக்டர். இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றாள் தாரணி. அம்மா போய்விடுவாளோ என்ற பயம் அவளுக்கு.

இன்று காலை, டயாலிசிஸ் நடக்கும்போதே மரகதத்தின் மூச்சு நின்றுவிட்டது. தாரணி அப்போது ஆபீசில் இருந்தாள்.

கூட வேலை பார்க்கும் சிந்து மாலையோடு வந்தாள். அதே ஆஸ்பத்திரியில் அம்மாவும் டாக்டரும் பேசிய அன்றைக்கும் பதிவு ஓடியது. சொந்த அம்மா என்பதால் மார்க் போடுகிற வேலை சிந்துவிடம் போயிருந்தது. தாரணி அவளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"அம்மா ரெக்கார்டிங்குக்கு என்ன மார்க் போட்ட?"

"ஐயோ, இப்ப எதுக்குக்கா அது?"

"சொல்லு சிந்து."

"டாக்டருக்கு நல்ல மார்க்தான். ரெண்டு தடவை கேட்டாரே." சிந்து தரையைப் பார்த்தாள். "ரெண்டாவது தடவை அம்மா 'நான்'னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் உங்க குரல்தான் கேட்டுச்சு."

தாரணி அவள் முகத்தை நிமிர்த்தினாள். "எனக்கு?"

"கூட வந்தவங்களுக்கு மார்க் போட அந்த ஃபார்ம்ல இடமே இல்லக்கா."

குளிப்பாட்டி முடித்ததும் சந்திரம்மா பீரோவிலிருந்து இரண்டு சேலைகளை எடுத்து வந்தாள்.

"பச்சையா, நீலமா? அம்மாவுக்கு எது கட்டலாம்?"

நீலம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. தாரணி அதை விழுங்கினாள். அம்மாவின் தலைமாட்டில் மண்டியிட்டுக் காதருகே குனிந்தாள்.

"எதும்மா?"

வண்டி வந்துவிட்டது என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள். சேலைகளைத் தூக்கிப் பிடித்திருந்த சந்திரம்மாவின் கைகள் மெல்லத் தாழ்ந்தன. தாரணி அம்மாவின் உதடுகளையே பார்த்தபடி இருந்தாள்.